தீராத் தாகமும் பரம்பரையும்

ஸ்கொத்லாந்து வழிவந்து வட அமெரிக்காவிற் குடியேறிய மக்களின் சந்ததியாரிடையே ஒரு கதை வழங்கி வந்தது. நாடோடிப் பெண்ணொருத்தி தன் சிறு மகனோடு வழிநடந்து வந்தாளாம். பிள்ளைக்குத் தாகம். வீடொன்றின் வாயிலில் நின்று தண்ணீர் கேட்டாள். வீட்டுக்காரி கொடுக்க மறுத்துவிட்டாள். நெஞ்சு கொதித்த அத்தாய், அவ்வீட்டு ஆண்மக்கள் ஓயாத தாகத்தால் வருந்துவர் என்றும், பெண்மக்கள் அச்சாபத்தைத் தம் பிள்ளைகளுக்குக் கடத்துவர் என்றும் சபித்துச் சென்றாளாம்.

நம் பாட்டிமாரும் இத்தகைய கதைகளைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒரு குடும்பத்திலே தலைமுறைதோறும் ஒரே நோய் தோன்றுமாயின், அதற்கு ஒரு சாபத்தைத் தேடுவது எல்லா நாட்டாருக்கும் இயல்பே. ஆயினும் இக்கதையை வெறுங்கதையென்று தள்ளிவிடுதல் முடியாது. ஆண்மக்கள் வருந்துவர், பெண்மக்கள் வழியாக அது இறங்கும் என்று கதை கூறும் விதி மெய்யான விதியே எனப் பிற்கால விஞ்ஞானிகள் கண்டனர். சாபத்தை மட்டுமே அவர்கள் மறுத்தனர்.

அந்நோய் யாது? அது எவ்வாறு தலைமுறை தாண்டி வருகின்றது? நம்மவர் அதனை ஏன் அறிந்திருத்தல் வேண்டும்? இவற்றை இங்கு ஆராய்வோம்.

பெயரும் பொருளும்

நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் சர்க்கரையையே நினைக்கின்றோம். யாழ்ப்பாணத்தார் சீனி வருத்தம் என்பர். நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே சீனி வியாதி என்பர். ஆனால் நீரிழிவு என்னும் சொல்லில் இனிப்பைக் குறிக்கும் பகுதி எதுவுமே இல்லை. நீர் இழிந்து, அதாவது இறங்கிப் போதல் என்பதே அதன் பொருள். மேனாட்டார் வழங்கும் டயபிட்டீஸ் என்பதும் அவ்வாறானதே. ஊடே பாய்ந்து செல்லுதல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து.

பாரதத்தின் பண்டைய மருத்துவ நூலாசிரியரான சரகரும் சுசுருதரும் மேகநோயை இருபது வகையாகப் பிரித்தனர். தேன்போல் இனிக்கும் சிறுநீரையுடைய மதுமேகம் அவற்றுள் ஒன்று. தண்ணீரைப்போல் தெளிந்து மிகுதியாய் இறங்கும் உதகமேகம் மற்றொன்று. ஐரோப்பாவிலே தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1674ஆம் ஆண்டில் சிறுநீரின் தேன்சுவையைப் பற்றி எழுதினார். 1794ஆம் ஆண்டில் யோஹான் பீற்றர் பிராங்க் என்னும் ஜேர்மானிய மருத்துவர் இனிப்பில்லாத வகையை வேறாகப் பிரித்துக் காட்டினார். அவ்வகைக்குச் சுவையற்றது என்று பொருள்படும் இன்சிப்பிடஸ் என்னும் இலத்தீன் அடைமொழி வழங்கலாயிற்று. நாம் அதனைச் சுவையற்ற நீரிழிவு என்று அழைப்போம்.

இந்நோயுடையாரின் இரத்தத்திற் சர்க்கரை மிகுவதில்லை. சிறுநீரோ நீரூற்றுப்போல் வெளியேறும். கடுமையாக நோயுற்ற வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 10 லீற்றருக்கு மேலாகவும் சிறுநீர் கழிப்பதுண்டு. அவ்வளவு நீரையும் அவர் குடித்தே ஈடுசெய்தல் வேண்டும். இரவிலும் உறக்கமில்லை, எழுவதும் குடிப்பதும் கழிப்பதுமே வாழ்க்கையாகிவிடும்.

இந்நோய் எல்லாருக்கும் பரம்பரையாக வருவதன்று. தலையில் அடிபடுவதாலும், மூளையிலே தோன்றும் கட்டிகளாலும், சில மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வதாலும் பலருக்கு இது உண்டாகின்றது. பிறப்போடு வருவது அரிதினும் அரிது. எனினும் வருங்கால், பேசத் தெரியாத பச்சிளங் குழந்தைக்கே அது பெரும்பாலும் வருகின்றது. அறியாமையின் விலையை அக்குழந்தையே கொடுக்கின்றது.

ஓலையும் காவலனும் மதகும்

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை அல்லது இரண்டு லீற்றர் மாத்திரமே. எஞ்சியது முழுவதும் மீண்டும் உடலுக்குள் உறிஞ்சப்படுகின்றது. அதிற் பெரும்பகுதி தானாகவே திரும்பிவிடும். இறுதியாக எஞ்சும் பங்கினைத் திருப்புவதா, வெளியே விடுவதா என்பதை மாத்திரம் மூளை தீர்மானிக்கின்றது.

மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர வாவியின் மதகைக் கண்ட வாசகருக்கு இதனை விளக்குதல் எளிது. மேலிடத்திலிருந்து ஓலை வருகின்றது, மதகுக் காவலன் அதனை வாங்கிப் படிக்கின்றான், மதகு திறக்கின்றது, நீர் வயலுக்குப் பாய்கின்றது. நம் உடலிலும் இம்மூன்றும் உள்ளன.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் உறுப்பு வாசோபிரசின் என்னும் ஓமோனை ஆக்குகின்றது. அது கபச்சுரப்பியின் பின்பாகத்திற் சேமிக்கப்பட்டு, உடலில் நீர் குறையும்போது இரத்தத்திற் கலக்கின்றது. ஒன்பது அமினோவமிலங்களாலான இச்சிறு பொருளே ஓலை.

சிறுநீரகத்தின் இறுதிக் குழாய்களிலுள்ள கலங்களின் புறத்தே ஒரு புரதம் காத்து நிற்கின்றது. வாசோபிரசினை அடையாளங்கண்டு ஏற்பது அதன் தொழில். இந்த ஏற்பியே காவலன்.

ஏற்பி கட்டளை இட்டதும், கலத்தினுள்ளே ஒதுங்கிக் கிடந்த அக்குவாபோரின் என்னும் நீர்வாயில்கள் கலத்தின் மேற்பரப்பை அடைந்து பொருந்துகின்றன. அவற்றினூடாக நீர் உடலுக்குத் திரும்புகின்றது. இவையே மதகு. இத்தகைய நீர்வாயில்கள் உயிர்க்கலங்களில் உண்டு என்பதைக் கண்டறிந்தமைக்காக அமெரிக்க அறிஞர் பீற்றர் ஏகர் 2003ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஓலை, காவலன், மதகு ஆகிய மூன்றில் எது பழுதுற்றாலும் விளைவு ஒன்றே: நீர் வீணே வெளியேறும். மூன்றுக்கும் தனித்தனிப் பரம்பரை அலகுகள் உள்ளமையால், நோய் குடும்பத்தில் இறங்கும் வழியும் மூன்றாகின்றது.

மூன்று வழிகள்

முதலாவது ஓலையின் பழுது. வாசோபிரசினை ஆக்கும் பரம்பரை அலகு 20ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. தாய் தந்தையரிடமிருந்து பெறும் இரு பிரதிகளில் ஒன்று பழுதுற்றாலே பெரும்பாலும் நோய் தோன்றும். இதனை ஆட்சியான முறை என்பர். நோயுற்ற தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ மகனுக்கும் மகளுக்கும் சமமாக, இரண்டில் ஒன்று என்னும் வாய்ப்பில் இது இறங்குகின்றது. 1884ஆம் ஆண்டில் அடோல்ப் வைல் என்னும் ஜேர்மானிய மருத்துவர், 91 பேரைக் கொண்ட ஒரு குடும்பத்தில் 23 பேருக்கு இந்நோய் இருந்ததை எழுதிவைத்தார். இவ்வகையிலே குழந்தை பிறந்தவுடன் நோய் வெளிப்படுவதில்லை. பழுதுற்ற புரதம் மெல்ல மெல்லத் தேங்கி, அதனை ஆக்கும் நரம்புக் கலங்களை அழிக்கின்றது. ஆகவே சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழிந்த பின்னரே தாகம் தலைகாட்டும்.

இரண்டாவது காவலனின் பழுது. பிறவியிலேயே சிறுநீரகத்தைச் சாரும் சுவையற்ற நீரிழிவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இவ்வகையே. 1892ஆம் ஆண்டில் மக்கில்ரைத் என்னும் மருத்துவர், நோயற்ற பெண்கள் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இந்நோய் இறங்கும் குடும்பமொன்றைப் பற்றி எழுதினார். 1947ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், ஹென்றி என்னும் இருவர், இத்தகையோருக்கு ஓமோனை ஊசிமூலம் ஏற்றினும் பயனில்லை என்பதைக் கண்டு, குற்றம் மூளையில் அன்று, சிறுநீரகத்திலேயே என்று நிறுவினர். ஏற்பியின் பரம்பரை அலகு 1992ஆம் ஆண்டில் எக்ஸ் நிறமூர்த்தத்திற் கண்டறியப்பட்டது.

பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. பெண்ணிடம் ஒன்று பழுதுற்றாலும் மற்றையது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அவள் நோயின்றிப் பழுதை மாத்திரம் சுமக்கும் காவியாக விளங்குவாள். ஆணிடமோ ஈடுசெய்ய வேறொன்று இல்லை. காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்கு இரண்டில் ஒன்று வாய்ப்புண்டு. ஒவ்வொரு மகளும் காவியாவதற்கும் அதே வாய்ப்பு உண்டு. நோயுற்ற ஆண் தந்தையானால், அவனிடமிருந்து புதல்வருக்கு நோய் இறங்குவதில்லை. புதல்வியர் யாவரும் காவிகளாவர். காவியான பெண்களுள்ளும் சிலர் தாகத்தால் வருந்துவதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது மதகின் பழுது. இதன் பரம்பரை அலகு 12ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. 1994ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இதனை நிறுவினர். இங்கே பெரும்பாலும் தாயும் தந்தையும் ஆகிய இருவருமே பழுதுற்ற பிரதியொன்றைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். இதனைப் பின்னிடைவான முறை என்பர். ஊவாவிலே பலரும் அறிந்துள்ள தலசீமியா என்னும் இரத்த நோயும் இம்முறையில் வருவதே. பெற்றோர் இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று வாய்ப்புண்டு.

ஒரு கப்பலின் கதை

இனி, தொடக்கத்திற் கூறிய கதைக்கும் ஒரு கப்பலுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். 1761ஆம் ஆண்டில் ஹோப்வெல் என்னும் கப்பல், அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்ரரில் வாழ்ந்த ஸ்கொத்லாந்து வழியினரை ஏற்றிக்கொண்டு, இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள ஹலிபக்ஸ் துறைமுகத்தை அடைந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதியில் இந்நோய் வியக்கத்தக்க அளவு மிகுந்திருந்தது. ஏறக்குறைய 2500 பேர் வாழும் இரு கிராமங்களில் மாத்திரம் 30 நோயாளர் இருந்தனர்.

1969ஆம் ஆண்டில் போட், குரோபோர்ட் என்னும் இரு அமெரிக்க மருத்துவர், வட அமெரிக்காவிலுள்ள இந்நோயாளரிற் பெரும்பாலானோர் அக்கப்பலில் வந்தோரின் சந்ததியாரே என்று எழுதினர். ஒரு கப்பல், ஒரு முன்னோர், ஒரு பழுது! எல்லாவற்றையும் ஒரே நூலிற் கோத்துவிடும் அக்கருத்து பலரைக் கவர்ந்தது. 24 ஆண்டுகள் அது நிலைத்தது.

பரம்பரை அலகையே எழுத்தெழுத்தாகப் படிக்கும் வல்லமை வந்தபின் நிலைமை மாறியது. ஏற்பியாகிய புரதம் 371 அமினோவமிலங்களைச் சரமாகக் கோத்தது. அதனை 371 சொற்களாலான ஒரு வாக்கியம் என்று கொள்ளலாம். நோவா ஸ்கோஷியாக் குடும்பத்திலே 71ஆவது சொல் இருக்கவேண்டிய இடத்தில், ஓரெழுத்து மாறியதனால் முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. வாக்கியம் அங்கேயே அறுந்தது. காவலன் உருவாகவே இல்லை. நாடோடிப் பெண்ணின் சாபம் என்று கூறப்பட்டது இந்த ஓரெழுத்துப் பிழையே.

ஆனால் மொன்றியல் நகரத்து டானியல் பிஷே என்பாரும் அவர்தம் குழுவினரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, வேறோர் உண்மையையும் புலப்படுத்தியது. ஸ்கொத்லாந்து வழிவந்த யூட்டா மாநிலத்துப் பெருங் குடும்பமொன்றையும் ஹோப்வெல் கப்பலோடு முன்னர் இணைத்துப் பேசியிருந்தனர். அக்குடும்பத்தின் பழுதோ வேறோர் இடத்தில் இருந்தது. ஏனைய பல குடும்பங்களும் தத்தமக்கெனத் தனித்தனிப் பிழைகளை உடையனவாயிருந்தன. அப்பிழைகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு குடும்பத்தில், தாமாகவே தோன்றியவை. ஒரே கப்பல் எல்லார்க்கும் நோயைச் சுமந்து வந்தது என்னும் கொள்கை அத்துடன் வீழ்ந்தது. இன்று இந்த ஏற்பியின் பரம்பரை அலகில் 200க்கும் மேற்பட்ட விகாரங்கள் அறியப்பட்டுள்ளன.

நமக்கு இதனால் ஆவதென்ன?

நாமும் கடல் கடந்து வந்தோரின் சந்ததியாரே. 1820களின் பின்னர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து படகேறி, மன்னாரில் இறங்கி, காடும் மேடும் நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்த மக்களின் வழியில் வந்தவர்கள் இம்மலைகளிலே வாழ்கின்றனர். நோயொன்று ஒரு குடும்பத்திற் காணப்பட்டால், இன்ன ஊரார், இன்ன குலத்தார், இன்ன வழியார் என்று விரல் நீட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டு. தேர்ந்த மருத்துவரே ஒரு கப்பலின்மேற் பழியைச் சுமத்திப் பின் அது பொய்த்ததெனின், திண்ணைப் பேச்சிலே ஒரு பரம்பரையைக் குறைகூறுதல் எவ்வளவு பொருந்தாது!

அதனினும் கொடியது, தாயின்மேல் வைக்கும் பழி. நோய் பெண்வழி இறங்குகின்றது என்பதை அறிந்தவுடன், உன் வீட்டிலிருந்து நீ கொண்டுவந்த சீதனம் இதுதானா என்று மருமகளைக் கேட்கும் நாவுகள் உண்டு. நிறமூர்த்தங்களைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளை பெறுவார் உலகில் எவருமிலர். தாய் காவியாக இல்லாதபோதும் பிழை புதிதாகவே தோன்றுவதுண்டு. முதல் வகையிலோ தந்தை வழியாகவும் நோய் இறங்குகின்றது. ஆகவே பழிக்கு இடமே இல்லை, அறிவுக்கே இடமுண்டு.

மாமன் மகளை, அத்தை மகனை மணக்கும் நம் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். இரத்த உறவினர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருத்தல் கூடும். ஆகவே மூன்றாம் வகை நோய்க்கும் தலசீமியாவுக்கும் சொந்தத் திருமணம் வாய்ப்பை மிகுவிக்கின்றது. எக்ஸ் நிறமூர்த்தத்தின்வழி வரும் இரண்டாம் வகைக்குச் சொந்தத் திருமணம் காரணமன்று. முற்றிலும் அயலானை மணந்தாலும் காவியான தாயின் மகனுக்கு அதே வாய்ப்பே உண்டு. குடும்பத்தில் இத்தகைய நோய் அறியப்பட்டிருப்பின், சாதகம் பார்ப்பதற்கு முன்னரோ பின்னரோ மரபியல் ஆலோசனையையும் நாடுதல் நன்று. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே மனித மரபியல் பிரிவு 1983ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை

பிறவியிலேயே காவலனோ மதகோ பழுதுற்ற குழந்தை, முதற் சில மாதங்களிலேயே குறிகாட்டும். துணிகள் ஓயாமல் நனையும். சிறுநீர் நிறமின்றி இருக்கும். காரணமின்றிக் காய்ச்சல் வரும், வாந்தியும் மலச்சிக்கலும் உண்டாகும், எடை ஏறாது. பாலைக் கொடுத்தாலும் அழுகை ஓயாமல், தண்ணீரைக் கொடுத்தவுடன் அடங்குவதுமுண்டு. தாய்ப்பாலில் உப்பு குறைவாகையால், அது நிறுத்தப்பட்டபின் நோய் கூடுதலாக வெளிப்படலாம். தாய் கொழுந்து பறிக்க மலைக்குச் செல்லும்போது பிள்ளைக்காம்பராவில் விடப்படும் குழந்தையாயின், இக்குறிகளைப் பராமரிப்பவளும் அறிந்திருத்தல் வேண்டும்.

நீரிழப்பினால் இரத்தத்தில் உப்பு மிகும், மூளை தாக்கப்படும். முற்காலத்தில் இந்நோயோடு மந்தபுத்தியும் சேர்ந்தே வருமென்று மருத்துவரும் எண்ணியிருந்தனர். அது பிழை. மந்தபுத்தி நோயின் பகுதியன்று. காலத்தில் நீர் கிடையாமையின் விளைவு. உரிய வேளையிற் கண்டறிந்து பேணப்படும் பிள்ளை ஏனைய பிள்ளைகளைப்போலவே படித்து முன்னேறும்.

ஐயம் தோன்றினால் தோட்ட வைத்திய நிலையத்தோடு நின்றுவிடாது, பதுளைப் போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பிள்ளையைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அது மருத்துவர் கண்முன்னே, வைத்தியசாலையில் மாத்திரம் செய்யத்தக்கது. வீட்டில் அதனைச் செய்துபார்ப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

ஓலை பழுதுற்றோர்க்கு மருந்து எளிது. வாசோபிரசினைப் போன்ற டெஸ்மோபிரசின் என்னும் மருந்தை மாத்திரையாகவோ மூக்கில் தெளிப்பதாகவோ கொடுக்கலாம். காவலனோ மதகோ பழுதுற்றோர்க்கு அது பெரும்பாலும் பயன்படாது. தாராளமாய்த் தண்ணீர், உப்புக் குறைந்த உணவு, தயசைட்டு என்னும் வகை மருந்து ஆகியவையே துணை. சாதாரணமாகச் சிறுநீரைப் பெருக்கும் தயசைட்டு, இந்நோயாளரிடம் சிறுநீரைக் குறைப்பது விந்தையே. 1959ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது.

பெயரொற்றுமையாலும் துன்பம் நேர்ந்ததுண்டு. வைத்தியசாலைகளிலேயே இந்நோயாளரைச் சர்க்கரை நோயாளரென மயங்கி, உரிய மருந்தும் நீரும் கொடாதுவிட்டதனால் இறப்புகளும் நேர்ந்தன. ஆகவே 2022ஆம் ஆண்டில் உலக மருத்துவ அமைப்புகள் கூடி, வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்னும் புதுப் பெயர்களை முன்மொழிந்தன. நம்மிடையேயும் இத்தகைய பிள்ளையைச் சீனி வியாதிக்காரன் என்று சொல்லி உணவைக் குறைப்பதும், தண்ணீரைக் குறைப்பதும் கூடாது.

இறுதியாக, ஆசிரியரான நாம் நம் தோழருக்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். பாடவேளையில் அடிக்கடி வெளியே போகக் கேட்கும் மாணவனைக் குழப்படிக்காரன் என்று கருதுதல் எளிது. தண்ணீர்ப் போத்தலை மேசைமேல் வைத்தானென்று கடிந்துகொள்ளுதலும் எளிது. இரவில் பாயை நனைக்கும் பிள்ளையை அடித்துத் திருத்த முயலும் பெற்றோரும் உளர். அவர்களுட் பெரும்பாலோர் நலமுள்ள பிள்ளைகளே. ஆனால் ஆயிரத்தில் ஒருவனுக்கேனும் நோயொன்று இருக்கக்கூடுமெனின், அவனைத் தண்டிப்பதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புவதே அறமாகும். சர்க்கரை நோயின் முதற் குறியும் தாகமே என்பதால், அச்சோதனை ஒருபோதும் வீண்போகாது.

கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியாருக்கு வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் அமைப்பவர் நம்மவர். எவர், எவ்வூர் என்று கேளாமல் தாகத்தோடு வருவோர் எல்லார்க்கும் வார்ப்பர். அவ்வறத்தை வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் கடைப்பிடிப்போமாக. தண்ணீர் கேட்கும் பிள்ளைக்கு முதலில் தண்ணீரைக் கொடுப்போம். காரணத்தைப் பின்னர் மருத்துவர் தேடட்டும்.